பச்சைக் கோட்டில் இருந்தவர்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாராவது ஊக்கக்காவிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதே கேள்வியைக் காலையிலிருந்து நாற்பத்தைந்து பேரிடம் கேட்டுவிட்டு வந்திருப்பாள், அவ்வளவுதான். நாற்பத்தைந்து தடவையும் சிரித்த முகத்தோடு கேட்க வேண்டும். போனில் மூஞ்சி எங்கே தெரியப்போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். சிரிக்காமல் பேசினால் குரலிலேயே தெரிந்துவிடுமாம். அதற்காக ஒவ்வொரு மேஜையின் தடுப்புப் பலகையிலும் உள்ளங்கை அளவு கண்ணாடி ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்கள், பேசும்போது தன் சிரிப்பைத் தானே பார்த்துக்கொள்ள. சேர்ந்த புதிதில் அவளும் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். ஆறு வருஷம் ஆயிற்று. இப்போது கண்ணாடிமேல் குறிப்புச் சீட்டுகளை ஒட்டி மூடிவிட்டாள்.

போனிலும் கம்ப்யூட்டரிலும் தொழிற்படிப்பு நடத்துகிற கம்பெனி அது. ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, பஸ் டிப்போ, ஓட்டல் என்று எங்கெங்கிருந்தோ ஆட்களைச் சேர்த்துவிடுவார்கள். சேர்கிற நாளில் எல்லோருக்கும் சூரத்தனம்தான். மூன்றாம் பாடத்தில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அப்படிப் போனவர்களைக் கூப்பிட்டுப் பேசி, மறுபடி பாடத்தில் உட்காரவைப்பது அவள் வேலை. பதவியின் பெயர் கற்றல் ஊக்குநர். ஆபீசில் அக்கா அக்கா என்று கூப்பிட்டு, அது எப்படியோ ஊக்கக்கா ஆகிவிட்டது. பட்டம் கொடுத்தவள் பக்கத்து சீட்டுக்காரி, வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி.

ஆபீஸ் மூன்றாவது மாடியில். கீழே டயர் கடை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும். சொட்டுகிற இடத்தில் ஒரு நீல வாளி. வாளி நிறைந்தால் யார் கொண்டுபோய் ஊற்றுவது என்பதில் தினமும் ஒரு சின்னச் சண்டை நடக்கும்.

கம்பெனிக்காரர்கள் கற்கிறவர்களை நாலு வகையாகப் பிரித்திருந்தார்கள். போட்டி போடுகிறவர், பாராட்டுக்கு ஏங்குகிறவர், பயந்தவர், தள்ளிப்போடுகிறவர். வகைக்கு ஒரு வசனம். போட்டிக்காரருக்கு, "உங்க கூட சேர்ந்தவங்க ரெண்டு பாடம் முன்னாடி போயிட்டாங்களே!" பயந்தவருக்கு, "ஒரு நாளைக்குப் பத்தே நிமிஷம், நான் கூடவே இருக்கேன்." இந்த வசனங்களையும், கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிற செய்திகளையும் எழுதுவது யார் என்கிறீர்கள்? ஊக்கக்காதான். பேசுகிற பாவம் போதாதென்று எழுதுகிற பாவமும் அவள் தலையில்தான் விடிந்தது.

ஆனால் மனுஷர்கள் நாலு டப்பாவில் அடங்குகிறவர்களா? லேத் பட்டறைக்காரர் ஒருவர், "மேடம், என்னைப் பாராட்டாதீங்க, கூச்சமா இருக்கு. அடுத்த பாடம் எத்தனை நிமிஷம், அதை மட்டும் சொல்லுங்க" என்பார். ஆஸ்பத்திரி ஆயாம்மா ஒருத்தி, "நீங்க திட்டுங்க மேடம். திட்டினாதான் எனக்கு உறைக்கும்" என்று கெஞ்சுவாள். பேச்செல்லாம் பதிவாகிறது, திட்டினால் வேலை போய்விடும். அதனால் ஊக்கக்கா தேன் குரலில், "ஏம்மா, வெக்கமா இல்ல உங்களுக்கு? மூணு வாரமா அதே பாடத்துல குந்தியிருக்கீங்க!" என்று கேட்பாள். அடுத்த நாளே ஆயாம்மா ரெண்டு பாடம் முடித்திருப்பாள். கைக்குழந்தைக்காரி ஒருத்திக்குக் குழந்தை தூங்கும் நேரம் ஏழு நிமிஷம்தான். அவளுக்காகப் பாடத்தை ஏழு ஏழு நிமிஷமாகப் பிரித்துக் கொடுத்தாள். இதெல்லாம் எந்த வசனத்திலும் இல்லாதது. ஆளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. அதில் அவளை அடித்துக்கொள்ள அந்த ஆபீசில் ஆள் கிடையாது, அது அவளுக்கும் தெரியும்.

யாரைக் கூப்பிடுவது என்பதைக் கோடு சொல்லும். திரையில் பெயர் வராது, எண் மட்டும்தான் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. வாரத்துக்கு இத்தனை நிமிஷம் பாடம் ஓட வேண்டும் என்று கணக்கு. ஓடினால் பச்சை, குறைந்தால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. சிவப்பைக் கூப்பிட வேண்டும், மஞ்சளுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், பச்சையைத் தொடவே கூடாது. கூப்பிட்டால்தான் அந்த எண்காரர் என்ன படிக்கிறார் என்பதே திரையில் திறக்கும். பச்சைக்காரர்கள் ஆளா பேயா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அந்தப் பச்சையில் ஒரு எண், நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட மஞ்சளாகவில்லை. காலை பத்து மணிக்குப் பாடம் ஓடும், சாயங்காலம் நாலு மணிக்குப் பாடம் ஓடும், ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். ஊக்கக்கா அதற்கு நல்லபிள்ளை என்று பெயர் வைத்தாள். சிவப்பு ஆட்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு சோர்ந்து போகும்போது அந்தக் கோட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். "என் நல்லபிள்ளை மாதிரி நாலு பேர் இருந்தா என் தொண்டை பொழைச்சுக்கும்டி" என்பாள் பக்கத்து சீட்டுக்காரியிடம்.

இனி வீட்டுக் கதைக்கு வருவோம். அவள் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டினவர். வாயில் அதிகம் வார்த்தை வராது, ஆனால் கைகாரியம் சுத்தம். போன வருஷக் கடைசியில் டிப்போவில் நடந்த கண் பரிசோதனையில், இடது கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பாதி கெட்டுவிட்டது என்றார்கள். வலது கண்ணும் அதே வழியில் போக ஆரம்பித்திருந்தது. சொட்டு மருந்து போட்டால் இருக்கிறது நிற்கும், போனது வராது. இனி வண்டி எடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மேலாளர் நல்ல மனுஷன், ஒரு வழி சொன்னார். வண்டி வருகிற, போகிற நேரத்தைப் பதிகிற டைம் கீப்பர் இடம் ஒன்று காலியாகிறது. அதற்கு மூன்று மாத ஆன்லைன் படிப்பு. பரீட்சையில் நூற்றுக்கு அறுபது வாங்கினால் அந்த நாற்காலி அவருக்கு. இரண்டு தடவை எழுதலாம். இரண்டிலும் கோட்டை விட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஐம்பத்திரண்டு வயசில், ஒன்றரைக் கண்ணோடு, வேறு யார் வேலை தரப்போகிறார்கள்?

இதை அவர் அவளிடம் சொன்ன நேரம்தான் சரியில்லை. ஊக்கக்கா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆபீசிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் அவளிடம் யாரும் பேசக் கூடாது. கூடத்து நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, வெந்நீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி கிடப்பாள். வெளியூரில் வேலையிலிருக்கும் மகள்கூட ஏழரைக்கு மேல்தான் கூப்பிடுவாள். அப்போதும், "அம்மா, நீ பேசறது ரெக்கார்டிங் மாதிரியே இருக்கு" என்று குறைப்பட்டுக்கொள்வாள். வீட்டுக்காரர் அன்றைக்கு மனசு தாங்காமல் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வாயைத் திறந்துவிட்டார்.

"டிப்போவுல போன்ல ஒரு படிப்பு படிக்கச் சொல்லியிருக்காங்க. பாஸ் பண்ணினா உக்கார்ற வேலை."

"ம். நல்லது. ஒழுங்கா படிங்க," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

எந்தக் கம்பெனி, எத்தனை பாடம், என்னென்ன கஷ்டம், ஒன்றும் கேட்கவில்லை. ஊரான் படிப்பைக் கட்டிக்கொண்டு நாள் பூராவும் மாரடித்துவிட்டு, வீட்டிலும் அதே பேச்சா என்று இருந்தது அவளுக்கு. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரோடு சேர்ந்து துணி மடித்துக்கொண்டே, கொஞ்சம் தெம்பாக இருந்தபோது, அவளாகவே பேச்செடுத்தாள்.

"படிப்பு எப்படிப் போகுது?"

"போகுது."

"போகுதுன்னா எப்படி? எங்க ஆபீசுல ஒருத்தர் இருக்காருங்க, நாலாயிரத்து நானூத்திப் பதினேழுன்னு நம்பர். யார் பெத்த பிள்ளையோ, ஒரு நாள்கூடத் தவறினது கிடையாது. நான் போனே பண்ண வேண்டாம். அவரை மாதிரி படிக்கணும். தெரியுதா?"

வீட்டுக்காரர் மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "தெரியுது," என்றார். சட்டையை அடுக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இந்த மனுஷனுக்கு யாரையாவது உதாரணம் காட்டினால் ரோஷம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, ஊக்கக்கா அடுத்த துணியை எடுத்தாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. எழுதப்போகிற எல்லோரையும், பச்சையாகவே இருந்தாலும், ஒரு தடவை கூப்பிட்டு வாழ்த்த வேண்டும். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். புதன்கிழமை மூணே முக்காலுக்கு அவள் வரிசையில் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு வந்தது. "ஏய், என் நல்லபிள்ளைடி!" என்று பக்கத்து சீட்டுக்காரியைத் தட்டிக் காட்டிவிட்டு, பட்டனை அழுத்தினாள். எதிர்முனையில் எடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் வசனத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"வணக்கம் சார், எப்படி இருக்கீங்க? நான் உங்க கற்றல் துணை பேசறேன். ஒரு நாள்கூட விடாம படிச்சிருக்கீங்க, ரொம்ப ரொம்ப சந்தோஷம்! சனிக்கிழமை பரீட்சைக்குத் தயாரா இருக்கீங்களா?"

திரையில் படிப்பின் பெயர் திறந்தது: டைம் கீப்பர் பயிற்சி.

"இல்லைங்க மேடம்," என்றது குரல். "தயாரா இல்ல."

இருபத்தாறு வருஷமாகக் கேட்கிற குரல் அது. 'என்னங்க' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பதிவாகிறது. சொந்தக்காரர்களோடு ஆபீஸ் போனில் பேசிய ஒருத்தியைப் போன மாசம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கதையை அவளே வீட்டில் சொல்லியிருக்கிறாள். அதை மறக்காமல்தான் அவரும் மேடம் என்கிறார் என்பது புரிய அவளுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

"ஏன் சார் அப்படி சொல்றீங்க?" என்றாள். குரல் எப்படியோ வந்தது. "உங்க கோடு மூணு மாசமா பச்சையா இருக்கே."

"பாடம் ஓடிச்சு மேடம். நானும் முன்னாடி உக்காந்துதான் இருந்தேன், ஏமாத்தல. வீடியோவுல வர்ற பொண்ணு 'இங்க பாருங்க, இந்தக் கட்டத்தைப் பாருங்க'ன்னு சொல்லிட்டே போகுது. எங்கன்னு எனக்குத் தெரியல. எழுத்து எறும்பு மாதிரி ஊருது. எனக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்ல. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன். அதான் உங்களுக்குப் பச்சையா தெரிஞ்சிருக்கும்."

"உதவின்னு ஒரு பட்டன் இருக்குமே சார்?"

"மூணு தடவை அமுக்கினேன் மேடம். மூணு தடவையும் ஒரே பதில்தான் வந்துச்சு." அவர் அதை ஒப்பித்தார். எழுத்து பிசகாமல் ஒப்பித்தார். "'நீங்கள் சரியான பாதையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு யாரும் வழிகாட்டத் தேவையில்லை. இப்படியே தொடருங்கள்!'"

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அவள் எழுதிய வரி அது. பச்சை ஆட்கள் எதற்கு உதவி கேட்கப்போகிறார்கள், கை தவறி அமுக்கியிருப்பார்கள், நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம் என்று எழுதியது. அந்த வரிக்காக அவளுக்குக் கம்பெனிச் சின்னமான காற்றாடிப் பட்டம் போட்ட ஒரு தோள்பைகூடக் கொடுத்தார்கள். அந்தப் பையைத்தான் தினமும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அவருடைய பாடத்தின் முகப்பில் அதே பட்டத்தைப் பார்த்த அன்றே, இது அவள் கம்பெனிதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் மூன்று தடவை பட்டனை அமுக்கியிருக்கிறார்.

"வீட்டுல யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார்?" என்றாள்.

"வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க மேடம். நாள் பூரா பேசி ஓஞ்சுபோய் வர்றாங்க. அவங்ககிட்டப் போய் வாயைத் திறக்க மனசு வரல. அதுவுமில்லாம..." நிறுத்தினார். "என்னை நல்லா படிக்கிறவன்னு நினைச்சுட்டிருந்தாங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

ஊக்கக்கா கண்ணாடியை மூடியிருந்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அது மூடியிருந்தது.

அப்புறம் அவள் ஊக்குநராகவே பேசினாள். எந்தப் பாடத்தில் கட்டங்கள் வருகின்றன, எது காதால் கேட்டுப் புரிந்தது, எது புரியவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். கண் குறைந்தவர்களுக்குக் கேள்வியை வாசித்துக் காட்டுகிற பரீட்சை முறை ஒன்று இருக்கிறது, டாக்டர் கடிதத்தோடு பத்து நாள் முன்னால் கேட்க வேண்டும், இந்தச் சனிக்கிழமைக்கு முடியாது, அடுத்ததற்கு முடியும் என்று சொன்னாள். இதுவும் அந்த உதவிப் பட்டன் வழியாகத்தான் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லும்போது அவளுக்கே அவமானமாக இருந்தது.

"சரிங்க மேடம். ரொம்ப நன்றி. இவ்வளவு பொறுமையா யாரும் பேசினதில்ல," என்றார். "நீங்களும் வெந்நி வச்சுக் குடிங்க. தொண்டை கட்டியிருக்கு உங்களுக்கு."

வைத்துவிட்டார். பத்தொன்பது நிமிஷம் என்று காட்டியது திரை. மேற்பார்வையாளன் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றான். அவள் வயசில் பாதி இருப்பான்.

"அக்கா, ரெண்டு நிமிஷ கால் இது. பச்சை ஆளுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?"

"அந்த ஆள் தண்ணிக்குள்ள முங்கிட்டு இருக்காருப்பா. நம்ம கோடுதான் பச்சையா இருக்கு," என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கும் அதற்குமேல் சொல்லத் தெம்பில்லை.

அன்று வீட்டுக்குள் நுழையும்போதே, "என்னங்க..." என்று ஆரம்பித்தாள். அவர் வெந்நீர்க் குவளையை நீட்டினார். "ஒரு மணி நேரம் ஆகட்டும்," என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ரெண்டும் இல்லை. பழக்கம். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

ரெண்டு நாளில் என்ன செய்ய முடியும்? செய்தார்கள். சனிக்கிழமை அவர் முன்னறையில் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பரீட்சை எழுதினார். அவள் அடுக்களையிலேயே நின்றாள். உள்ளே போகக் கூடாது, பரீட்சைச் சட்டம். சாயங்காலம் முடிவு வந்தது. ஐம்பத்தாறு. நாலு மார்க்கில் போயிற்று. பின்னாலேயே ஒரு செய்தியும் வந்தது. அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"'மனம் தளராதீர்கள். இது முடிவல்ல, அடுத்த முயற்சியின் தொடக்கம். உங்கள் உழைப்பை நாங்கள் அறிவோம்.' இதுவும் நீ எழுதினதுதானா?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு," என்றார். போனை மேஜையில் வைத்தார். "நேர்லயே சொல்லேன்."

ஊக்கக்கா வாயைத் திறந்தாள். மனம் தளராதீங்க என்ற ரெண்டே வார்த்தை. ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தை. அது தொண்டையைத் தாண்டி வரமாட்டேன் என்றது. போட்டிக்காரர் வசனம், பயந்தவர் வசனம் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். இந்த மனுஷனிடம் சொல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

"எனக்கு அசதியா இருக்குங்க," என்றாள். "ஆறு வருஷ அசதி. அதோட பயமாவும் இருக்கு. அடுத்ததும் போயிட்டா என்ன பண்ணுவோம்னு பயமா இருக்கு. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றார் அவர். அதைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் லேசானது. மூன்று மாதமாக அந்த வீட்டில் ரெண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள். இப்போதாவது ஒன்றாகப் பயப்பட்டார்கள்.

அடுத்த பரீட்சைக்குப் பதிமூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையே டாக்டரைப் பிடித்துக் கடிதம் வாங்கி, வாசித்துக் காட்டுகிற பரீட்சைக்கு எழுதிப் போட்டாள். பழைய நாட்காட்டித் தாள்களைத் திருப்பிப் போட்டு, பாடத்தில் வந்த கட்டங்களைத் தடித்த பேனாவால் பெரிது பெரிதாக வரைந்தாள். பீரோக் கதவு, ஜன்னல் சட்டம், குளிர்சாதனப் பெட்டி என்று எங்கே பார்த்தாலும் பஸ் நேரம். அந்த ஒரு மணி நேரச் சட்டம் இருந்தது, ஆனால் இப்போது அந்த நேரத்தில் அவர் பேசுவார், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சொல்லித் தருகிறவள் தூங்கிவிடுவாள் என்று பயந்து, நடுநடுவே, "கேக்கறியா?" என்பார். "கேக்கறேன், சொல்லுங்க," என்பாள். ரெண்டு மூன்று தடவை நிஜமாகவே தூங்கிவிட்டாள். அவர் எழுப்பவில்லை. எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

பழக்கதோஷத்தில் ஒரு நாள், "உங்க கூட சேர்ந்தவங்க எல்லாம் முடிச்சிட்டாங்க தெரியுமா?" என்று எடுத்துவிட்டாள்.

"இது போட்டி போடறவங்களுக்கான வசனம்தானே?" என்றார் அவர். "என்னோட வகை எது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "தெரியல," என்றாள். "உங்களுக்கு வகை கிடையாது."

கட்டங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார். "இந்தக் கட்டத்துல எட்டு இருபதுக்கு வண்டி வந்து சேரும்னு போட்டிருக்கான். எட்டு இருபதுக்கு அந்த முக்குல எந்த வண்டியும் திரும்பாது. இதை எழுதினவன் பஸ்ல ஏறியே இருக்கமாட்டான்" என்று பாடத்தையே திருத்தினார். இவருக்கா ஊக்கம் குறைச்சல்? இவருக்குக் குறைந்ததெல்லாம் 'உங்களுக்கு என்ன கஷ்டம்' என்று கேட்கிற ஒரு ஆள்தான். அதை நினைக்க நினைக்க ஊக்கக்காவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்தில் ஆபீசில் ஒரு காரியம் செய்தாள். செய்திகளை எழுதுகிற உரிமை அவளிடம்தானே இருக்கிறது, யாரையும் கேட்கவில்லை. பச்சை ஆட்களுக்குப் போகிற அந்த வரியை அழித்துவிட்டு, 'என்ன கஷ்டம்? எழுதுங்கள், கூப்பிடுகிறேன்' என்று போட்டாள். மூன்றே நாளில் அறுபத்தோரு பேர் எழுதினார்கள். வீடியோவில் வேகம் தாங்கவில்லை என்று ஒருவர். வீட்டில் படிக்க இடமில்லை, கழிவறையில் உட்கார்ந்து படிக்கிறேன் என்று ஒருத்தி. எல்லாம் பச்சை. எல்லாம் நல்லபிள்ளைகள். மேற்பார்வையாளன் தலையில் கை வைத்துக்கொண்டான். பக்கத்து சீட்டுக்காரி, "அக்கா, உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க" என்றாள். வாஸ்தவம்தான். நாற்பத்தைந்து கால் அறுபது ஆயிற்று. குரல் கரகரத்துப் போயிற்று. ஆனாலும் அந்த வரியை அவள் மாற்றவில்லை.

ரெண்டாவது பரீட்சை வெள்ளிக்கிழமை காலையில். அவள் ஆபீசில் இருந்தாள். சொந்த போன் பூட்டின பெட்டிக்குள். மத்தியானம் மூணு மணிக்கு முடிவுகள் திரையில் ஏறும். ரெண்டே முக்காலிலிருந்து அவள் யாரிடம் என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. மூணு மணிக்கு எண்களைத் தேடிக்கொண்டே போனாள். நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு இருந்தது. பக்கத்தில் இருந்த எண்ணை ரெண்டு தடவை படித்தாள். எழுந்து போய், யாரும் சொல்லாமலே, நீல வாளியைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனாள். படியேறும்போது முட்டி வலித்தது. கதவு திறந்தே இருந்தது. வீட்டுக்காரர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே போன் குப்புறக் கிடந்தது. மணி ஆறரை. முடிவு வந்து மூன்றரை மணி நேரம் ஆகிறது.

"பாத்தீங்களா?" என்றாள் வாசலிலிருந்தே.

"இல்ல. மூணு மணிக்கு டிங்குன்னுச்சு. திறக்கல."

"ஏங்க? மூணரை மணி நேரமாவா இப்படியே உக்காந்திருக்கீங்க?"

"சேதி எழுதறவளே வந்து நேர்ல சொல்லட்டும்னு இருந்தேன்," என்றார். பிறகு அவள் தோள்பையையும் முகத்தையும் பார்த்துவிட்டு அவசரமாக, "அவசரமில்ல. ஒரு மணி நேரம் கழிச்சே சொல்லு. வெந்நி வச்சிருக்கேன்," என்றார். சொல்லிக்கொண்டே, குப்புறக் கிடந்த போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஊக்கக்கா பையைக் கழற்றிக் கீழே போட்டாள். அன்றைக்கு அறுபத்திரண்டு பேரிடம் பேசிய தொண்டையில் காற்றுதான் வந்தது.

"பாஸ்," என்றாள். "அறுபத்தேழு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இவ்வளவு நல்ல சேதிய இப்படி உர்ருன்னு வச்சுக்கிட்டா சொல்லுவே?"

"எனக்கு வர்ற மூஞ்சி இதுதாங்க," என்றாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.